ஊர் என்று ஒரு ஊர் – மெசபடோமியாவும் நம்ம பெண்ணையாறும்



இந்தக் கட்டுரையை எழுத வைத்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி. "சுமேரியர்கள் தமிழர்களே! ஆதாரம் வேண்டுமா? அவர்களுடைய தலைநகரத்தின் பெயரே ஊர்!" என்று வந்திருந்தது. படித்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் வகுப்புக் குழுவில் முதல் ஆளாகப் பகிர்ந்தவன் நான்தான். மறுநாள் வகுப்பில் வரலாற்று ஆசிரியர் என்னை எழுப்பி நிற்கவைத்துக் கேட்டார்: "தம்பி, உளுந்தூர்பேட்டையிலயும் ஊர் இருக்கு. அப்போ சுமேரியாவில ஆட்டுக்கல்லுல உளுந்து அரைச்சாங்களா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது.

அன்று மாலையிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவில்

மெசபடோமியா என்பது கிரேக்கர்கள் வைத்த பெயர். 'ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம்' என்று பொருள். அந்த ஆறுகள் யூப்ரடீஸ், டைகிரிஸ். இன்றைய ஈராக்கின் பெரும்பகுதி அந்த நிலம்தான். அதன் தென்பகுதியில் வாழ்ந்தவர்கள்தான் சுமேரியர்கள்.

அங்கே மலை இல்லை, கல் இல்லை, நல்ல மரமும் இல்லை. இருந்தது மூன்றே மூன்று: மண், தண்ணீர், நாணல். நம்ம பக்கம் கோயில் கட்டக் கல் வேண்டுமென்றால் திருக்கோவிலூர்ப் பக்கம் போனால் போதும். அவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் களிமண்ணைப் பிசைந்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்த கல்லால் ஊர்களைக் கட்டினார்கள். எரிது, உருக், ஊர், நிப்பூர், லகாஷ், கிஷ் எல்லாமே மண் நகரங்கள்.

இவற்றில் பெரியது உருக். கி.மு. 3000 வாக்கில் உலகத்திலேயே பெரிய நகரம் அதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதைச் சுற்றியிருந்த மதிலின் நீளம் சுமார் 9 கிலோமீட்டர். அந்த மதிலைக் கட்டியவன் என்று கில்காமேஷ் என்ற மன்னனைக் கதைகள் சொல்கின்றன. உலகின் மிகப் பழைய காவியங்களில் ஒன்றின் நாயகன் அவன்.

ஊர் நகரத்தை 1922 முதல் 1934 வரை லியோனார்ட் வூலி என்ற ஆங்கிலேயர் தோண்டினார். அரச கல்லறைகளில் தங்கமும் நீலக்கல்லும் யாழ்களும் கிடைத்தன. கி.மு. 2100 வாக்கில் ஊர்-நம்மு என்ற மன்னன் கட்டத் தொடங்கிய 'சிகுராத்' என்ற படிக்கட்டுக் கோயில் இன்றைக்கும் நசிரியா நகரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. உள்ளே காயவைத்த மண் கல், வெளியே சூளையில் சுட்ட செங்கல். நான்காயிரம் வருஷத்துக்கு முந்தைய செங்கல்! நம்ம ஊரில் நாற்பது வருஷத்து வீட்டையே பழசு என்று இடிக்கிறோம்.

பார்லிக் கணக்கும் செம்புச் சண்டையும்

எழுத்து என்றதும் நமக்குக் கவிதையும் காவியமும்தான் நினைவுக்கு வரும். சுமேரியர்கள் எழுத ஆரம்பித்தது அதற்காக இல்லை. கணக்குக்காக. எத்தனை மூட்டை பார்லி வந்தது, எத்தனை ஆடு போனது, யாருக்கு எவ்வளவு பீர் படி கொடுத்தது. ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் அழுத்தினால் ஆப்பு மாதிரி ஒரு தடம் விழும். ஆப்பெழுத்து என்று பெயர் வந்தது அதனால்தான். நாம் இன்றும் ஒரு மணிக்கு அறுபது நிமிடம், ஒரு நிமிடத்துக்கு அறுபது நொடி என்று எண்ணுவதும் அவர்களுடைய அறுபதின் கணக்கிலிருந்து வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு புகார்க் கடிதம். ஊர் நகரத்தில் கிடைத்தது. கி.மு. 1750 வாக்கில் நன்னி என்பவர் ஏயா-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு எழுதியது. 'நல்ல செம்பு தருகிறேன் என்று சொல்லிவிட்டு மட்டமான சரக்கைக் காட்டினாய், நான் அனுப்பிய ஆளை மரியாதை இல்லாமல் நடத்தினாய்' என்கிற மாதிரி கோபம். அந்தப் பலகை இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மன்னர்களின் வெற்றிச் செய்திகளைவிட இந்த ஒரு கடிதம் அந்த ஊர் மக்களை நமக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. உரக்கடையில் சண்டை போடும் ஒரு விவசாயியை அப்படியே பார்ப்பது போல இருந்தது.

இன்னொரு வேடிக்கை. கி.மு. 612-ல் எதிரிகள் நினிவே நகரத்தைக் கொளுத்தினார்கள். அங்கே அசுர்பானிபால் என்ற மன்னன் சேர்த்து வைத்திருந்த பெரிய நூலகமும் அழிந்தது. ஆனால் புத்தகங்கள் களிமண் பலகைகள் அல்லவா? தீயில் வெந்து இன்னும் கெட்டியாகிவிட்டன. எதிரி வைத்த நெருப்பே அவற்றைக் காப்பாற்றியது. அந்தக் குவியலிலிருந்துதான் 1872-ல் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் கில்காமேஷ் காவியத்தில் வரும் பெருவெள்ளக் கதையைப் படித்துக் கண்டுபிடித்தார்.

நம்முடைய கதை நேர் எதிர். நாம் எழுதியது பனை ஓலையில். நெருப்பு பட்டால் சாம்பல், கரையான் பட்டால் பொடி, மழை பட்டால் மக்கல். நூறு வருஷத்துக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து பிரதி எடுத்தால்தான் நூல் பிழைக்கும். உ.வே. சாமிநாதையர் வீடு வீடாகப் போய் ஏடு தேடி 1894-ல் புறநானூற்றை அச்சிட்டிருக்காவிட்டால் இன்று நமக்கு எத்தனை பெயர்கள் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் அந்த 'ஊர்'?

இப்போது என்னை வகுப்பில் நிற்கவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

சுமேரியர்கள் அந்த நகரத்தை அழைத்த பெயர் 'உரிம்'. பின்னால் வந்த அக்காடியர்கள் அதை 'உரு' என்றார்கள். நாம் படிக்கும் வடிவம் பிற்காலத்தில் நிலைத்தது. சுமேரிய மொழியில் நகரத்துக்கு 'உரு' அல்லது 'இரி' என்று ஒரு சொல் உண்டு என்பதும் உண்மை. அதைக் கேட்டால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சொல் ஒலியில் ஒத்துப்போனால் போதுமா?

மொழியியலில் கேட்பது வேறு. ஒலிகள் வரிசையாக, ஒழுங்காக ஒத்துப்போக வேண்டும். நமக்குத் தெரிந்த கன்னடத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் பால், அங்கே ஹாலு. பத்து – ஹத்து. பல் – ஹல்லு. புலி – ஹுலி. தமிழ் 'ப' வரும் இடத்தில் அங்கே 'ஹ' வருகிறது, ஒன்றில் இல்லை, வரிசையாக. இதுதான் உறவு. இனி சுமேரிய எண்களைப் பாருங்கள்: ஒன்று 'திஷ்', இரண்டு 'மின்', மூன்று 'எஷ்', நான்கு 'லிம்மு', ஐந்து 'இயா'. ஐந்தைத் தவிர எதிலாவது சாடை தெரிகிறதா? ஐந்திலும் அது தற்செயல்தான். சுமேரிய மொழிக்கு உலகத்தில் எந்த மொழியோடும் உறவு இதுவரை நிறுவப்படவில்லை. அது தனி மொழி.

அதற்காக இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. அக்காட் நாட்டு மன்னன் சார்கோன், மெலுஹா, மகன், தில்முன் ஆகிய இடங்களின் கப்பல்கள் தன் துறைமுகத்தில் நிற்பதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். மெலுஹா என்பது சிந்துவெளி என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. சிந்துவெளி முத்திரைகளும் சிவப்பு மணிகளும் ஊர் நகரத்திலேயே கிடைத்திருக்கின்றன. வியாபாரம் நடந்திருக்கிறது. வியாபாரம் வேறு, 'அவர்களே நாங்கள்' என்பது வேறு.

நம்ம ஆற்றங்கரையில் ஒரு பெயர்

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. யாருடைய நகரத்தையோ நம்முடையது என்று சொல்லிக்கொள்ள இவ்வளவு அலைகிறோமே, நம்ம பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தோமா?

உளுந்தூர்பேட்டையும் ஒருவகையில் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம்தான். வடக்கே தென்பெண்ணை, தெற்கே மணிமுக்தாறு. பெண்ணைக் கரையில் இருக்கும் திருக்கோவிலூர்தான் சங்க இலக்கியத்தில் வரும் கோவலூர். மலையமான் திருமுடிக்காரி ஆண்ட இடம். கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அவனேதான். ஆற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்றைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பாரி மகளிரை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். தகடூரை (இன்றைய தர்மபுரி) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இந்தக் கோவலூர் மேல் படையெடுத்து வென்றான் என்று புறநானூற்றில் ஔவையார் பாட்டில் வருகிறது. 'புலவர்கள் பாடியதுதானே, உண்மையா பொய்யா யாருக்குத் தெரியும்' என்று சொல்பவர்கள் இருந்தார்கள். 1981-ல் திருக்கோவிலூருக்கு மேற்கே பெண்ணைக் கரையை ஒட்டிய ஜம்பை என்ற ஊரில், ஒரு குன்றின் குகைத்தளத்தில், தமிழகத் தொல்லியல் துறையினர் ஒரே ஒரு வரிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். தமிழ்-பிராமி எழுத்து. சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழமை. அதில் இருந்த செய்தி: சதியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் இது.

பாட்டில் இருந்த அதே பெயர். பாட்டு சொன்ன அதே பகுதி. அது மட்டுமில்லை. அசோகர் தன் கல்வெட்டில் தெற்கே உள்ள அரசுகளாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சதியபுத்திரர்' என்றும் ஒரு பெயரைச் சொல்லியிருந்தார். அவர்கள் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் சண்டை போட்டார்கள். ஜம்பையின் ஒரு வரி அதற்குப் பதில் சொன்னது: அதியமான்கள்தான்.

மெசபடோமியாவிலும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. கில்காமேஷ் கதைகளில் கிஷ் நகரத்து ஆகா என்ற மன்னன் வருகிறான். அவனுடைய அப்பா பெயர் என்மெபரகேசி. கதைதானே என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு அந்தப் பெயர் பொறித்த கல் பாத்திரத் துண்டுகள் கிடைத்தன. கதையில் இருந்தவன் ஒரு நிஜ மன்னன் என்று தெரிந்தது. அங்கே ஒரு பாத்திர ஓடு, இங்கே ஒரு குகை வரி. வாட்ஸ்அப்பில் வந்த 'ஊர்' தராத சிலிர்ப்பு எனக்கு இதில் கிடைத்தது. ஏனென்றால் இது யார் கேட்டாலும் காட்டக்கூடிய ஆதாரம்.

கொஞ்சம் கிழக்கே போனால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1930-களில் உள்ளூர்ச் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைப் பார்த்துத்தான் ழுவோ-துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த இடத்தின் மதிப்பை உணர்ந்தார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி ரோமானிய மதுச் சாடிகளையும் பானை ஓடுகளையும் எடுத்தார். 2024-ல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கிய எட்டு இடங்களில் கடலூர் மாவட்டத்து மருங்கூரும் ஒன்று. கீழடியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அங்கே பானை ஓட்டில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர்கள் கிடைத்தன. ராஜா பெயர் இல்லை, சாதாரண ஆட்களின் பெயர். எனக்கு ஏயா-நாசிர் ஞாபகம்தான் வந்தது.

தாத்தா உடைத்த தாழி

இதையெல்லாம் எங்கள் தாத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் சும்மா கேட்டவர், "டேய், நாங்க கூட ஒண்ணு உடைச்சிருக்கோம்டா" என்றார்.

அவர் வாலிபத்தில் கிணறு வெட்டப் போனபோது நடந்ததாம். ஓர் ஆள் ஆழத்தில் இடுப்பளவு பெரிய பானை. மூடி போட்டு இருந்ததாம். புதையல் என்று நினைத்து எல்லோரும் கூடிவிட்டார்கள். கடப்பாரையால் ஒரே போடு. உள்ளே எலும்பும் மண்ணும் சின்னச் சின்னக் கறுப்புச் சட்டிகளும்.

"அப்புறம் என்ன தாத்தா செஞ்சீங்க?"

"என்ன செய்யறது? ஆகாதுன்னு சொல்லி கற்பூரம் கொளுத்திட்டு, ஓட்டையெல்லாம் வரப்புல போட்டு மண்ணைத் தள்ளிட்டோம்."

"அது முதுமக்கள் தாழி தாத்தா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும்."

"எங்களுக்கு யார்ரா சொன்னா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திருடு போவதும் திரும்பி வருவதும்

தெரியாமல் உடைப்பது ஒரு வகை. தெரிந்தே திருடுவது இன்னொரு வகை.

2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை பாக்தாத்தில் நுழைந்த நாட்களில் ஈராக் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சுமார் 15,000 பொருட்கள் போயின. உருக் நகரத்தின் புகழ்பெற்ற வார்கா ஜாடி அதில் ஒன்று. ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஜாடி. ஜூன் மாதம் உடைந்த துண்டுகளாக ஒரு காரில் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்கள். அதே உருக்கைச் சேர்ந்த பெண் முகச் சிற்பம் செப்டம்பரில் ஒரு தோட்டத்து மண்ணுக்குள் கிடைத்தது. கில்காமேஷ் காவியத்தின் ஒரு பலகை கள்ளத்தனமாக அமெரிக்கா போய், விலைக்கு விற்கப்பட்டு, 2021-ல்தான் ஈராக்குக்குத் திரும்பியது. ஆயிரக்கணக்கானவை இன்னும் வரவில்லை.

இது ஈராக் கதை என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை 2004-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு கான்பெராவுக்குப் போனார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல வருஷங்களுக்கு முன்பே கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள்தான் இவை எங்கிருந்து போனவை என்று நிரூபிக்க உதவின. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்தபோது இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்.

கவனித்தீர்களா? சிலையைத் திருப்பிக் கொண்டுவந்தது பெருமைப் பேச்சு இல்லை. யாரோ ஒருவர் சலிக்காமல் எடுத்து வைத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

கடைசியாக

ஊர் நகரம் எப்படி அழிந்தது தெரியுமா? யூப்ரடீஸ் ஆறு தன் பாதையை மாற்றிக்கொண்டது. கடலும் தள்ளிப்போனது. தண்ணீர் போனதும் மக்கள் போனார்கள், மண் மூடியது. ஆறுதான் நகரத்தைக் கொடுத்தது, ஆறுதான் எடுத்துக்கொண்டது. நம்ம பெண்ணையும் அப்படித்தான். வருஷம் முழுக்க மணல் மட்டும் தெரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்து சாத்தனூர் அணையைத் திறந்தபோது அது என்ன செய்யும் என்று எல்லோரும் பார்த்தோம். அந்த மணலுக்கு அடியிலும் கரை மேட்டிலும் இன்னும் எத்தனை ஜம்பை இருக்கிறதோ. ஜே.சி.பி. அள்ளும் ஒவ்வொரு வாளியிலும் ஒரு பக்கம் கிழிந்து போகலாம்.

அதனால் நண்பர்களே, உங்கள் ஊரில் ஏரி தூர் வாரும்போதோ கிணறு வெட்டும்போதோ கறுப்பு சிவப்புப் பானை ஓடு, தாழி, எழுத்து உள்ள கல் எது கண்ணில் பட்டாலும் மூன்று காரியம் செய்யுங்கள். எடுக்காதீர்கள், இருந்த இடத்திலேயே இருக்கட்டும். படம் எடுத்து இடத்தைக் குறித்து வையுங்கள். வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள், கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் தெரிவிக்கலாம். புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். எங்கள் தாத்தாவுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

நான் பகிர்ந்த அந்தச் செய்தியைக் குழுவில் அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஜம்பைக் கல்வெட்டின் படத்தைப் போட்டேன். முந்தையதற்கு நாற்பது பேர் கைதட்டினார்கள், இதற்கு மூன்றே பேர். பரவாயில்லை. அந்த மூன்று பேரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னோடு திருக்கோவிலூர் பஸ் ஏறுகிறார்கள்.